கண்மாய்க்கு வடக்கா, தெற்கா?

என் அப்பச்சி லுங்கி கட்டி நான் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான்.

திருப்பத்தூரைத் தாண்டி மேற்கே ஒரு கடலைக் கொல்லை. ஆயில் என்ஜின் ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டே தண்ணீர் இறைக்கிறது. வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன் ஒரு முனையில் அப்பச்சி, மறு முனையில் என் மாமனார். இருவர் இடுப்பிலும் பச்சைக் கட்டம் போட்ட பினாங்கு லுங்கி. கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் அப்போதுதான் பூசிய விபூதி, கையில் கடுங்காப்பி.

அப்பச்சியின் காது மடலில் மட்டும் கொஞ்சம் களிமண் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பச்சி என்றால் எங்கள் வீடுகளில் அப்பா. சாத்தப்பன் என்று பெயர். இஸ்திரி மடிப்புக் கலையாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருக்கக்கூடியவர். அவர் லுங்கியில் உட்கார்ந்திருக்கிறார் என்று காரைக்குடியில் போய்ச் சொன்னால், எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் தேய்த்திருப்பார்கள்.

போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். கல்யாணம் ஆனால் பெண்டாட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றுதானே எல்லோரும் நினைப்பீர்கள்? என் விஷயத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்மாய் கிடந்தது.

பாயசம் வருவதற்குள்

அறுபதுகளில் பாதி கழிந்திருந்த காலம். ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் தலைத்தீபாவளி. அது முடிந்த பிறகுதான் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. மாமனார் வீடு தேவகோட்டையில். அவர் பெயர் வயிரவன். அவரும் அப்பச்சியும் கல்யாணத்தில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர்கள்.

தீபாவளி முடிந்து எங்களை அழைத்துப்போக அப்பச்சி வந்தார். சம்பந்திக்கு விருந்து. இலையில் இடம் இல்லாத அளவுக்குப் பதார்த்தம். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பழநிக்கு வந்தது.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்துபோகிற வழக்கம் உண்டு. முன்னோர்கள் நடந்த காலத்தில் வண்டிப்பாதை, வயல் வரப்பு, கண்மாய்க்கரை என்று பாதை வளைந்து வளைந்து போகும். பிறகு தார் ரோடு வந்தது. கூட்டமும் ரோட்டுக்கு மாறியது. பழைய பாதை பேச்சில் மட்டும் மிஞ்சியது. பேச்சில் மிஞ்சியதால் ஆளுக்கொரு பாதை.

"திருப்பத்தூர் தாண்டினதும் ஒரு பெரிய கண்மாய் வரும்ல, அதுக்கு வடக்கால போகும் நம்ம பெரியவுக பாதை," என்றார் அப்பச்சி.

மாமனார் பருப்புக்கு நெய் விடச் சொல்லிக்கொண்டே, "தெக்கால சம்பந்தி," என்றார்.

"வடக்கால."

"தெக்காலதான். எங்க அப்பச்சி என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன பாதை. எனக்கு மறக்குமா?"

"எங்க அப்பச்சி காவடியோட நடந்த பாதை. அவுக சொன்னது பொய்யா?"

அந்த இடத்தில் யாராவது கூட்டு வேண்டுமா என்று கேட்டிருந்தால் என் இல்லறம் ஒழுங்காகத் தொடங்கியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

மாமனார் சிரித்தார். கேலி என்று நினைத்துத்தான் சொன்னார். "உங்க அப்பச்சி எங்க நடந்தாக? வில்வண்டியில படுத்துக்கிட்டுல்ல போனாகன்னு ஊரே சொல்லும். தூங்குறவுகளுக்கு வடக்கு ஏது, தெக்கு ஏது?"

பரிமாறிய கை அப்படியே நின்றது. அப்பச்சி இலையை மூடினார்.

உள்ளிருந்து பாயசம் அப்போதுதான் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவள் என் மனைவி உமையாள்.

"பெரியவுகளை மதிக்கத் தெரியாத வீட்டுல பொண்ணு எடுத்துட்டேன்," என்றார் அப்பச்சி.

"அப்ப பொண்ணு இங்கயே இருக்கட்டும்," என்றார் மாமனார்.

"எந்திரிடா," என்றார் அப்பச்சி என்னைப் பார்த்து. எழுந்தேன். கையில் பாதி அப்பளம் இருந்தது. வாசல் வரைக்கும் அதை என்ன செய்வது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தபோது உமையாள் பாயசப் பாத்திரத்தோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. வண்டி என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும் என்றார் அப்பச்சி. இலையை மூடியதற்கு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார் மாமனார். நடுவில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியமாகத் தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன். மாமியார் வயிறு வெடிக்கச் சோறு போட்டார். மாமனார் எனக்கு எதிரே உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்து, விளம்பரம் உட்பட எல்லாவற்றையும் படித்தார். உமையாளின் வளையல் சத்தம் மட்டும் கதவுக்குப் பின்னால் கேட்டது. அதைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்டிரேட்டர். அமிலத்தையும் காரத்தையும் கலந்தால் உப்பு வரும் என்று பையன்களுக்குச் செய்து காட்டுவது என் வேலை. இரண்டு சம்பந்திகளைக் கலந்தால் என்ன வரும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

எல்லோரும் சாமி

தை பிறந்தது. குன்றக்குடி மலையடிவாரத்தில் கூட்டம் சேர்ந்தது. அப்பச்சி என்னையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கால் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், எதிரே மாமனார், மாமியார், மஞ்சள் புடவையில் உமையாள்.

எனக்கு முருகன் மேல் அன்றைக்கு வந்த பக்தி அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்ததில்லை.

நடைப்பயணத்தில் ஒரு சட்டம் உண்டு. மாலை போட்டுவிட்டால் எல்லோரும் சாமி. பெயர் கிடையாது, உறவு கிடையாது. இலை போடுகிறவர் சாமி, இலை எடுக்கிறவரும் சாமி. இதில் ஒரு பெரிய சௌகரியம், பேசிக்கொள்ளாதவர்களும் பேசிக்கொள்ளலாம். எப்படி என்றால், நடுவில் ஒரு சாமி வேண்டும். அந்தச் சாமி நான்தான்.

"சாமி, அந்தச் சாமியைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க சாமி," என்பார் அப்பச்சி.

"சாமி, இந்த இடம் அந்தச் சாமிக்குப் பட்டா போட்டுக் குடுத்ததான்னு கேட்டுச் சொல்லுங்க சாமி," என்பார் மாமனார்.

இருவருக்கும் கை நீட்டும் தூரம்தான் இருக்கும். நான் இரண்டையும் மரியாதை கூட்டி, காரம் குறைத்து, மறுபடி சொல்வேன். அவர்களும் முதல் தடவை காதில் விழாதது போலவே கேட்டுக்கொள்வார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் முத்துக்கருப்பன் என்று ஒருவர். மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கும்படி பேசுவார். அவர் "வேல் வேல்" என்று கத்தினால் மரத்தில் இருக்கும் காக்கைகள் "வெற்றிவேல்" சொல்லாமல் பறந்து போகும்.

நடப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் உள்ளங்கால் கொதிக்கும். இரண்டாம் நாள் கொப்புளம். அதற்கப்புறம் கால் நம்முடையது என்ற எண்ணமே போய்விடும். அது பாட்டுக்குப் போகும், நாம் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். காலையில் பனி விழுந்த புழுதியில் நடப்பது தயிர்ச்சோற்றை மிதிப்பது போல அவ்வளவு குளுமையாக இருக்கும். பத்து மணிக்கு மேல் அதே புழுதி அடுப்புச் சாம்பல்.

பிள்ளையார்பட்டியில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் புதுசாகக் கல்யாணமானவர்கள் பகலில் நின்று பேசினால் கண்டபடி பேச்சு வரும். ஆனால் பிரகாரம் சுற்றும்போது யார் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உமையாள் என் பக்கத்தில் வந்தாள்.

"கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"கால் நல்லாத்தான் இருக்கு. உங்க அப்பச்சி எப்படி இருக்காக?"

"உங்க அப்பச்சி மாதிரியேதான் இருக்காக."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இன்னொரு சுற்றுச் சுற்றினோம். அதற்கப்புறம் இன்னும் ஒன்று. குருக்கள் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். இந்தச் சின்ன வயதில் இவ்வளவு பக்தியா என்று நினைத்திருப்பார்.

"தை போனா மாசி. மாசி போனா பங்குனி. நான் தேவகோட்டையிலயே கிழவியாயிருவேன் போல இருக்கு," என்றாள். இப்போது சிரிப்பு இல்லை.

"நான் பேசுறேன்."

"யாருகிட்ட பேசுவீக?"

அதற்குள் பிரகாரம் முடிந்துவிட்டது.

பாதை பிரிந்த இடம்

திருப்பத்தூரில் ஒரு மண்டபத்தில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினோம். வெயில் ஏறுகிற நேரத்தில் கண்மாய் தெரிந்தது. ரோட்டை விட்டு ஒரு வண்டித்தடம் இறங்கி, கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வடகரை, மற்றொன்று தென்கரை.

அப்பச்சி நின்றார். மாமனாரும் நின்றார்.

"சாமிமார்களே, ரோட்டோட வாங்க! மத்தியானம் சிங்கம்புணரியில சாப்பாடு!" என்று முத்துக்கருப்பன் கத்தினார்.

"எங்க பெரியவுக பாதையில வந்து சேந்துக்கிறேன்," என்று அப்பச்சி வடக்கே திரும்பினார்.

"நடக்குறவுக பாதை எதுன்னு நடந்து காட்டுறேன்," என்று மாமனார் தெற்கே திரும்பினார். நடக்கிறவர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

முத்துக்கருப்பன் இருவரையும் பார்த்தார், சாப்பாட்டை நினைத்தார், கூட்டத்தோடு ரோட்டிலேயே போய்விட்டார்.

நாங்கள் ஐந்து பேர் நின்றோம். மாமியார் முறுக்குப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். உமையாள் நேராக என்னிடம் வந்தாள். இரண்டு அப்பச்சிகளும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தேதான் வந்தாள்.

"நீங்க எங்குட்டு?" என்றாள்.

மூன்று சொல் கூட இல்லை. நான் அப்பச்சியைப் பார்த்தேன். அவர் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரைப் பார்த்தேன். அவர் ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பச்சி தனியாப் போறாக. துணைக்கு…" என்றேன்.

"சரி," என்றாள். திரும்பி நடந்தாள். அவள் மஞ்சள் புடவை பனைகளுக்கு நடுவே தெரிவதும் மறைவதுமாகப் போனது. ஒரு தடவை கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் கால் கொப்புளம் அப்போதுதான் முதல் முறையாக எனக்கு வலித்தது.

நடுக் கண்மாய்

அந்தக் கண்மாய்க்கு என்ன நேர்ந்திருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. முந்தின வருஷ மழையில் தென்கரை உடைந்து போயிருக்கிறது. யாரும் அடைக்கவில்லை. தண்ணீரெல்லாம் அந்த வழியாக ஓடிப்போய், உள்ளே ஓரத்தில் வெடித்த பாளமும் நடுவில் ஒரு பளபளப்பும் மட்டும் கிடந்தன.

வடகரையில் கொஞ்ச தூரம் போனதும் பாதை முடிந்துவிட்டது. வேலிக்கருவேல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சுவர் வைத்தது போல அடைத்திருந்தது. அப்பச்சி முள்ளைப் பார்த்தார். முள்ளும் அவரைப் பார்த்தது.

"திரும்பிப் போயிருவோமா?" என்றேன்.

"எதுக்குத் திரும்பணும்? உள்ள இறங்கிக் கொஞ்சம் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் ஏறினா முடிஞ்சது. நீ இங்கயே நில்லு. நான் தரையைப் பாத்துட்டுக் கூப்புடுறேன்."

வேட்டியைக் கவனமாக மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினார். வெடித்த மண் கெட்டியாகத்தான் இருந்தது. நாலடி வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்க்கரையிலிருந்து இன்னொரு வேட்டி கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

தென்கரைப் பாதை உடைப்பில் அறுந்துபோயிருக்கிறது. மாமனாரும் மாமியாரையும் மகளையும் கரையில் நிற்க வைத்துவிட்டு, தரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியிருக்கிறார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். அப்போதாவது ஒருவர் திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பினால் பாதை தப்பு என்று ஆகிவிடும். அதனால் இருவரும் மேலே நடந்தார்கள்.

மேற்கே ஒரு மாட்டுத்தடம் கண்மாயைச் சுற்றிக்கொண்டு சுகமாகப் போகிறது என்பதை நான் கரையில் நின்று பார்த்தேன். அதில் போயிருந்தால் கால் நனையாது. ஆனால் அது யாருடைய பெரியவர்களின் பாதையும் இல்லை.

நடுவில் போகப் போகப் பாளம் மெல்லியதாகி, அடியில் களி. அப்பச்சியின் நடை தளர்ந்தது. அப்புறம் நின்றது. மாமனாரும் எதிரே வந்து நின்றார். கை நீட்டினால் தொட்டுவிடலாம். இருவருக்கும் முழங்கால் வரை சேறு.

காலை எடுக்க முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்பச்சி துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலுக்காக நின்றவர் போல வானத்தைப் பார்த்தார். மாமனார் கண்ணை மூடிக் கைகூப்பி, அந்த இடத்தில்தான் சாமி கும்பிட வந்தவர் போல ஏதோ முணுமுணுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு அடியார்கள் தவம் செய்வது போலத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அடியார்களின் உயரம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

தொடை வரை போனதும் நான் கத்தினேன்.

யாரை முதலில் தூக்குவது?

கத்தியதைக் கேட்டு வடகரைக்குப் பின்னாலிருந்த கடலைக் கொல்லைக்காரர் ஓடி வந்தார். இபுராகிம் ராவுத்தர். பினாங்கில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊரோடு வந்து விவசாயம் பார்ப்பவர். நடுக்கண்மாயைப் பார்த்தார்.

"யா அல்லா, அங்குட்டு மாடே இறங்காதே! இவுக ஏன் இறங்குனாக?"

"பழைய பாதை…" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆயில் என்ஜின் வந்தபிறகு சும்மா கிடந்த, மாடு கட்டி இறைக்கும் கமலையின் வடக்கயிற்றையும், ஒரு ஜோடி மாட்டையும், வயலைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையையும் கொண்டு வந்தார். பலகையைச் சேற்றின் மேல் தள்ளிவிட்டு, அதில் குப்புறப் படுத்து நீந்துவது போல நான் போக வேண்டும். கயிற்றை முதலில் ஒருவருடைய அக்குளுக்கடியில் கட்ட வேண்டும். கரையில் மாடு இழுக்கும். இதுதான் ஏற்பாடு.

போய்ச் சேர்ந்தேன். கயிற்று முனையை அப்பச்சியிடம் நீட்டினேன்.

"முதல்ல அவுகளுக்குக் கட்டு," என்றார் அப்பச்சி. "நமக்குப் பொண்ணு குடுத்தவுக."

ஐப்பசிக்குப் பிறகு அவர் மாமனாரை 'அவுக' என்று சொன்னது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கயிற்றை மாமனாரிடம் கொண்டுபோனேன். அவர் கையை விரித்து மறுத்தார்.

"அது முறையில்ல மாப்பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளுக்குத்தான் முதல் மரியாதை. அவுகளுக்குக் கட்டுங்க."

"இல்ல இல்ல. வயசுல மூத்தவுக நீங்க. உங்களைச் சேத்துல விட்டுட்டு நான் கரையேறினா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

மாமனார் முகம் மாறியது. "யாரு மூத்தவுக? நான் மாசியில பொறந்தவன். நீங்க அதுக்கு முந்தின ஆடி."

"அப்ப நான் கிழவன்ங்கிறீகளா?"

"நீங்கதான் என்னை முதல்ல கிழவன்னீக!"

"மரியாதைக்குச் சொன்னா, அதையும் சண்டையாக்குறீகளே!"

இடுப்பு வரை போய்விட்டார்கள். நான் பலகையில் குப்புறக் கிடந்து கயிற்று முனையை இங்கும் அங்குமாக நீட்டிக்கொண்டிருந்தேன். "ஐயாமாரே, மாடு நிக்காது! சட்டுனு முடிவு பண்ணுங்க!" என்று ராவுத்தர் கத்தினார்.

அப்போது வடகரையில் மஞ்சள் புடவை தெரிந்தது. உமையாள் அந்த மாட்டுத்தடத்திலேயே சுற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். பின்னால் மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார், முறுக்குப் பையை விடாமல்.

உமையாள் யாருக்கும் முன்னால் குரல் உயர்த்திப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. கரையில் நின்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், முத்துக்கருப்பன் தோற்றார்.

"ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி இழுங்க!"

சண்டை நின்றது. அவள் விடவில்லை.

"அப்பச்சி, கையைத் தூக்குங்க! மாமா, நீங்களுந்தான்! மாலை போட்டுக்கிட்டு மரியாதைச் சண்டை போடுறீக. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா யாருக்கு யாரு மரியாதை பண்ணுறது? ஏங்க, உங்களைத்தான். என்ன பாத்துக்கிட்டுக் கிடக்கீக? கட்டுங்க!"

கடைசி வரி எனக்கு. கட்டினேன்.

இருவரும் நேருக்கு நேர். வயிற்றோடு வயிறு. கயிறு சுற்றி இறுகியதும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டே ஆக வேண்டியிருந்தது. ராவுத்தர் மாட்டை அதட்டினார். வடம் விறைத்தது. கண்மாய் முதலில் கொடுக்க மாட்டேன் என்றது. பிறகு ஊறுகாய் ஜாடியிலிருந்து கையை உருவுவது போல ஒரு சத்தத்தோடு இருவரையும் விட்டது. வேட்டிகளை மட்டும் விடவில்லை. முருகன் அருளால் கோவணம் இரண்டும் உறுதியாக இருந்தன. உமையாளும் மாமியாரும் அந்தச் சமயத்தில் திரும்பி நின்று கடலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பினாங்கு லுங்கி

பம்புசெட் தொட்டியில் இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டோம். களி கரையக் கரைய உள்ளேயிருந்து மாமனார் வந்தார், அப்பச்சி வந்தார். முதலில் எது யார் என்றே தெரியவில்லை. முதுகு தேய்த்துவிட்டேன். பாதித் தேய்ப்பில்தான் அது மாமனார் முதுகு என்று தெரிந்தது.

ராவுத்தர் வீட்டிலிருந்து புது லுங்கி இரண்டு வந்தது. "வேட்டி இல்லீகளே, பிரிக்காத லுங்கிதான் இருக்கு. விரதக்காரவுக, நாங்க சமைச்சதைச் சாப்பிட மாட்டீக. கடுங்காப்பியும் பழமும் தாரேன்," என்றார். அப்பச்சி லுங்கியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் கட்டங்களைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக் கட்டிக்கொண்டார்.

இப்போது அந்தக் கயிற்றுக் கட்டிலுக்கு வந்துவிட்டோம். ஒரு முனையில் அப்பச்சி, மறு முனையில் மாமனார். மாமியார் பையைத் திறந்து ஆளுக்கு ஒரு முறுக்குக் கொடுத்தார். கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ராவுத்தர் சும்மா இருக்கவில்லை. "எந்தப் பாதையில வந்தீக ஐயா? வடக்காலயா, தெக்காலயா?"

உமையாள் என்னைப் பார்த்தாள்.

அப்பச்சி கடுங்காப்பியை ஒரு வாய் குடித்தார். மாமனாரும் ஒரு வாய் குடித்தார்.

"நடுவால வந்தோம்," என்றார் அப்பச்சி.

"ஆமா," என்றார் மாமனார். "பெரியவுக அப்படித்தான் போனாக."

அவ்வளவுதான். மன்னிப்பு, வருத்தம் என்று எந்த வார்த்தையும் அந்தக் கட்டிலில் விழவில்லை. மாமனார் ராவுத்தரிடம் பினாங்குத் தெருக்களை விசாரிக்கத் தொடங்கினார். அப்பச்சி தான் இருந்த ரங்கூனில் தெருக்கள் அதைவிட அகலம் என்றார். மாமனார் அதை மறுக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய தியாகம் என்று உடன் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் லுங்கியோடு சிங்கம்புணரி போய்ச் சேர்ந்தோம். முத்துக்கருப்பனுக்கு வாயடைத்துப் போனதை அன்றுதான் கண்டேன். வாய் திரும்பியதும், கண்மாய்க்கு நடுவே பாதை எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பழநி வரைக்கும் இருவரும் அவரை விடவில்லை. வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர். "உங்களுக்கு என்ன தெரியும் சாமி? எங்க அப்பச்சியும் அவுக அப்பச்சியும் நடந்த பாதை," என்று மாமனார் ஆரம்பிப்பார். நடந்த என்பதை அவர் அழுத்திச் சொல்வார். அப்பச்சி மீசையைத் தடவிக்கொள்வார்.

எங்களைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. நத்தம் மலை தாண்டி, திண்டுக்கல் தாண்டி, நானும் உமையாளும் பிரகாரம் எதுவும் தேவைப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால், பெரும்பாலும் அவளுக்கு வந்த கொப்புளத்தைப் பற்றித்தான். என் கொப்புளத்தைப் பற்றியும் கொஞ்சம்.

தேவகோட்டை பஸ்

பழநியில் தரிசனம் முடித்து எல்லோரும் பஸ் ஏறிக் காரைக்குடி வந்து இறங்கினோம். இரண்டு அப்பச்சிகளுக்கும் மொட்டைத்தலை, சந்தனம். பஸ் ஸ்டாண்டில் மத்தியான வெயில். எதிரே தேவகோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது.

அதைப் பார்த்ததும் நான் உமையாள் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தேன். இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்கள்தான். ஆனால் பெண்ணை அனுப்பு என்று அப்பச்சி கேட்கவில்லை. அனுப்புகிறேன் என்று மாமனார் சொல்லவில்லை. கேட்டால் இவர் இறங்கி வந்ததாகிவிடும், சொன்னால் அவர் இறங்கி வந்ததாகிவிடும். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் "தேவகோட்டை, தேவகோட்டை" என்று கூவினான்.

உமையாள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்பச்சி, கால் வீங்கிப் போச்சு. இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க முடியாது."

எங்கள் வீடு அங்கிருந்து பொடிநடையாகக் கால் மணி நேரம். தேவகோட்டை பஸ்ஸின் படி அவளுக்கு எட்டிப் பிடிக்கும் தூரம். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாமியார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மாமனார் மகள் காலைக் குனிந்து பார்த்தார். வீக்கம் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். உள்ளே டிரைவரையும் ஒரு கூடைக்காரியையும் தவிர ஆள் கிடையாது.

"பஸ்ஸும் ஒரே கூட்டமா இருக்கு," என்றார்.

அப்பச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆமா. இந்தக் கூட்டத்துல புள்ள எப்படி நிக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன் சம்பந்தி."

மாமனாரும் மாமியாரும் ஏறி ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்ந்தது. ஓர் அடி எடுத்து வைக்க முடியாத உமையாள் மூட்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அப்பச்சியும் நானும் அவளைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.